முக்கால் வாரம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தப் படிவம் டெல்லா நோவிக்கியின் கணினிக்கு வந்து சேர்ந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவதுதான். அதில் ஒரே ஒரு வாக்கியம் இருக்கும்: என் மொத்த உழைப்பில் முக்கால் பங்குக்குக் குறையாமல் ஆராய்ச்சிக்கே கொடுத்தேன் என்று உறுதி கூறுகிறேன். அதன் கீழே ஒரு சிறு கட்டம். கட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினால் தீர்ந்தது. இதற்கு முன் மூன்று முறை, கையிலிருந்த காபி ஆறுவதற்குள் தட்டிவிட்டு எழுந்து போயிருக்கிறாள்.

இந்த முறை படிவத்தோடு ஒரு கடிதமும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ஆராய்ச்சிக்கான உதவித்தொகையை, அதாவது நல்கையைக் கொடுக்கும் அறக்கட்டளையிலிருந்து மார்ச் மாதம் ஒருவர் நேரில் வருவார். எந்த நாள், யார் யாரிடம் பேசுவார் என்பதெல்லாம் முன்கூட்டிச் சொல்லப்பட மாட்டாது. படிவத்தை வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் அனுப்பிவிட வேண்டும்.

டெல்லா கடிதத்தை மூடிவிட்டு நிமிர்ந்தபோது, நடைக்கூடத்துக்கு எதிர்ப்புறம் இருந்த ஆர்லன் டீட்ஸின் ஆய்வகக் கதவுதான் கண்ணில் பட்டது. பெயர்ப்பலகையைப் பெயர்த்த இடத்தில் பசைத்தடம் நான்கு கோடுகளாக நின்றது. கதவின் கண்ணாடி வழியே அவன் ஃப்ரீசரும் தெரியும். மின்சாரம் துண்டிக்கப்பட்டு, கதவு சற்றே திறந்தபடி நிற்கும். அதில் தொங்கிய வெப்பநிலைத் தாளை ஒருவரும் எடுத்துப் போடவில்லை. போன ஆண்டு மார்ச் பதினான்கு வரை காலையும் மாலையும் எழுதியிருந்தது. அதற்குக் கீழே வெறும் கட்டங்கள். ஆர்லனைப் பற்றி இந்த மாடியில் யாரும் பேசுவதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும்.

டெல்லாவுக்கு முப்பத்தாறு வயது. குழந்தை மருத்துவர். அமெரிக்காவில் அந்த மில்வாக்கி நகரிலேயே பிறந்து வளர்ந்தவள். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் சிலருக்குத் திடீரென்று குடல் அழுகிப்போவது ஏன் என்பதுதான் அவளுடைய கேள்வி. அதற்காக நூற்று நாற்பது குழந்தைகளின் இரத்தத் துளிகளை, ஒவ்வொரு தாயிடமும் உட்கார்ந்து பேசி வாங்கி, மைனஸ் எண்பது டிகிரியில் உறைய வைத்திருந்தாள். இளம் மருத்துவர்களுக்கென்றே உள்ள அந்த ஐந்தாண்டு நல்கைதான் இவ்வளவுக்கும் அடிப்படை. அது போனால் மறுநாளே அவள் முழுநேரமும் நோயாளி பார்க்கும் டாக்டர். ஆய்வகம் வேறொருவருக்கு. துளிகள் குப்பைக்கு.

அன்று அவளுக்குப் பயம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் சற்றுப் பெருமைகூட இருந்தது. வாரத்துக்கு நாற்பது மணி நேரம், அதில் முக்கால் என்றால் முப்பது. அந்த முப்பதை ஒரு வாரம்கூட விட்டதில்லை. வெள்ளை அங்கிப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்து, ஆராய்ச்சிக்கு ஒரு பத்தி, தன் கிளினிக்குக்கு ஒரு பத்தி, டிசம்பரிலிருந்து 'ஜோ' என்று மூன்றாவதாக ஒரு பத்தி எனக் குறித்து வந்தாள். ஜோ என்பது ஜோலீன். கோடையில் வேலைக்குச் சேர்ந்த டாக்டர். நவம்பர் கடைசியில் இருபத்தாறாம் வாரத்திலேயே பிள்ளை பிறந்து, அதே மருத்துவமனையின் இன்குபேட்டரில் கிடந்தது. சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாததால் அவளுக்கு விடுப்பு மிச்சமில்லை. இங்கே ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் டியூட்டியை இன்னொருவர் வாய்வார்த்தையாக வாங்கிக்கொள்வார். பட்டியலில் பழைய பெயரே இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் ஜோலீனின் டியூட்டியை டெல்லா வாங்கிக்கொண்டாள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் விரலை நீட்டியபடி ஒரு தாய் நிற்பதைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா போவது?

அந்த மூன்றாவது பத்தியைப் படிவத்தில் எங்கே எழுதுவது என்று கேட்கத்தான் அவள் கீழ்த்தளத்தில் நல்கை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே மாய் யா இருந்தாள். டெல்லாவின் வயதுதான். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்து குடியேறிய ஹமோங் குடும்பத்துப் பெண். மேசையின் மூலையில் எப்போதும் ஒரு டப்பா நிறைய ஒட்டரிசிச் சோறு இருக்கும். பத்து ஆண்டுகளாக இந்தக் கட்டடத்து டாக்டர்களின் படிவங்களெல்லாம் அவள் கை வழியாகத்தான் போகின்றன.

டெல்லா சிரித்துக்கொண்டே சொன்னாள், என் கணக்கு எப்போதும் போலச் சரி, அதற்கு மேலேயும் வாரம் இருபத்திரண்டு மணி நேரம் இனாமாக உழைத்திருக்கிறேன், அதற்குப் பதக்கம் ஏதாவது உண்டா என்று.

மாய் யாவின் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன. எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். இதுவரை அந்தக் கதவு சாத்தி டெல்லா பார்த்ததில்லை.

"டாக்டர், நாற்பதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"சம்பளச் சீட்டுல நாற்பதுன்னுதானே போட்டிருக்கு."

"அது சம்பளச் சீட்டு. கிராண்ட் விதியில நாற்பதுங்கற எண்ணே கிடையாது. கையேட்டுல பதினோராம் பக்கம் பாருங்க. உங்க முழு வாரம்னா, நீங்க உண்மையிலேயே எவ்வளவு வேலை செஞ்சீங்களோ அதுதான். அறுபத்திரண்டு மணி நேரம் செஞ்சா அதுதான் உங்க வாரம்."

டெல்லா மனத்துக்குள் வகுத்துப் பார்த்தாள். அறுபத்திரண்டில் முப்பது. பாதிகூட இல்லை.

"நீங்க கிளினிக்ல கூடுதலா நின்னா ஆராய்ச்சிப் பங்கு தானா குறைஞ்சிடும். இப்போ வாரம் முப்பத்திரண்டு மணி நேரம் கிளினிக் பாக்குறீங்க. அதை வச்சு முக்கால் வரணும்னா ஆராய்ச்சி தொண்ணூத்தாறு மணி நேரம் செய்யணும். மொத்தம் நூத்தி இருபத்தெட்டு." மாய் யா குரலைத் தாழ்த்தினாள். "தூங்கவே கூடாது."

அதிகம் உழைத்ததனால் குறைந்துபோயிற்று. இப்படியும் ஒரு கணக்கு உலகத்தில் உண்டா என்று டெல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. மாய் யா பக்கத்தைப் புரட்டி இன்னொரு பத்தியில் விரலை வைத்திருந்தாள். முன் அனுமதியின்றித் தொடர்ந்து பன்னிரண்டு வாரத்துக்கு மேல் முக்காலுக்குக் கீழே போனால் நல்கை தானாகவே முடிந்துபோகும். அதற்குள் தானே முன்வந்து எழுத்தில் தெரிவித்தால் என்ன செய்வது என்பதை அறக்கட்டளை முடிவு செய்யும். மன்னிக்கும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

டிசம்பர் முதல் தேதியிலிருந்து எண்ணினால், இது பன்னிரண்டாவது வாரம்.

"ஆர்லனுக்கும் இதுதானா?" என்று டெல்லா கேட்டாள்.

மாய் யா கையேட்டை மூடி வைத்தாள். பிறகு சொன்னதெல்லாம் மெதுவாகத்தான் வந்தது. ஆர்லனும் நாற்பதில்தான் கணக்குப் போட்டான். கடைசியில் அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது, ஆனாலும் கட்டத்தைத் தட்டினான். வந்த பார்வையாளர் அலுவலகத்துக்கே வரவில்லை. கிளினிக்கில் காத்திருந்த ஒரு தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, டாக்டர் டீட்ஸ் எந்தெந்த நாளில் பார்ப்பார் என்று கேட்டார். அந்த அம்மா வாயாரப் புகழ்ந்தாள். எந்த நாள் வந்தாலும் இருப்பார், தங்கமான மனிதர் என்றாள். அந்தப் புகழ்ச்சியே அவனை முடித்துவிட்டது.

"அந்தப் படிவத்தை நான்தான் அனுப்பினேன்," என்றாள் மாய் யா. "எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. அவர் கேக்கல, நானும் சொல்லல. நீங்க கேட்டுட்டீங்க."

மறுநாள் திருநீற்றுப் புதன், கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் நாள். மருத்துவமனை முகப்பில் குருவானவர் ஒரு சின்னக் கிண்ணத்தோடு நின்று, வருவோர் போவோர் நெற்றியில் சாம்பலால் சிலுவை வரைந்துகொண்டிருந்தார். டெல்லாவும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டாள். துறைத் தலைவர் வெர்ன் கிராலின் அறைக்கு அவள் போனபோது அவர் நெற்றியிலும் அதே சாம்பல் இருந்தது. ஒரே விரல் இருவரையும் தொட்டிருந்தது.

வெர்ன் நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. மேசைமேல் கிரிங்கில் என்னும் இனிப்பு ரொட்டிப் பெட்டி ஒன்று பிரிக்காமல் இருந்தது. இன்றைக்கு விரதம், நாளைக்கு வந்து ஒரு துண்டு சாப்பிடு என்றார். டெல்லா சொன்னதையெல்லாம் தலையசைத்துக் கேட்டார். அறக்கட்டளைக்குத் தெரிவிக்கும் கடிதத்தில் துறைத் தலைவரின் கையெழுத்தும் வேண்டும் என்று அவள் முடித்தபோது நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இந்தக் கட்டடத்துல எல்லாரும் நாற்பதுலதான் கணக்குப் போடுறாங்க, என்னம்மா நீ. இன்னைக்கு உன் கடிதத்துல நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு எத்தனை பேர் கடிதம் எழுதணும் தெரியுமா?"

"ஆர்லனும் நாற்பதுலதான் போட்டாரு, வெர்ன்."

"ஆர்லன் செஞ்ச தப்பு வேற." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே ஏரி உறைந்து, வானமும் அதுவும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தது. "டியூட்டிப் பட்டியல்ல ஜோலீன் பேருதான் இருக்கு. நீ நின்னதுக்கு எங்கேயும் எழுத்து இல்ல. அந்தச் சின்ன நோட்டு ஒண்ணைத் தவிர."

அவர் பார்வை அவள் அங்கிப் பையில் வந்து நின்றது. டெல்லாவின் கை தன்னையறியாமல் பையை மூடிக்கொண்டது.

"நோட்டுன்னா தொலையும்," என்றார் வெர்ன், அன்பாகவே. "வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கு."

அன்று அவள் மனம் எந்த வேலையிலும் ஒட்டவில்லை. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் அவளை மேலும் கலக்கியது. நோட்டு ஒன்றுதான் சாட்சி. ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து ஒழுங்காக முக்காலுக்குள் நின்றுகொண்டால் யாருக்கு என்ன நட்டம்? நூற்று நாற்பது குழந்தைகளின் துளிகள் காப்பாற்றப்படும். நாளைக்குப் பிறக்கப் போகும் குழந்தைகளுக்கு அதனால் நன்மை வரும். தீமை ஒருவரிடம் வரும்போது எப்போதும் கையில் ஒரு நல்ல காரியத்தைப் பிடித்துக்கொண்டுதான் வரும் போலிருக்கிறது.

வியாழக்கிழமை மதியம் அவள் கால்கள் குறைமாதக் குழந்தைகளின் பிரிவுக்கு நடந்தன. ஜோலீன் இன்குபேட்டருக்கு அருகில் உட்கார்ந்து தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு ஓடின் என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டே முக்கால் கிலோவுக்கு வந்திருந்தான்.

"என்ன, மூஞ்சி செத்த மீன் மாதிரி இருக்கு," என்றாள் ஜோலீன். "தவக்கால வெள்ளிக்கிழமை மீனுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கே."

டெல்லா பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டாம் என்றுதான் வந்திருந்தாள். ஆனால் ஜோலீன் அவள் பையிலிருந்து நோட்டை உரிமையோடு உருவி, பக்கங்களைப் புரட்டி, மூன்றாவது பத்தியில் தன் பெயரைப் பார்த்துவிட்டாள்.

"அடிப்பாவி, என்னைக் கணக்குல எழுதி வச்சிருக்கியா? என் பிள்ளை மூக்குலேருந்து வென்டிலேட்டர் குழாய் எடுத்த நாள் இது. பதினொரு மணி நேரம்னு போட்டிருக்க. அன்னைக்கு நான் இங்க இருந்தேன் டெல்லா. அவன் முதல் தடவையா அழுததைக் கேட்டேன்." அவள் விரல் அந்த எண்ணின் மேலேயே இருந்தது. "நீ அங்க நின்னதாலதான்."

டெல்லா அந்த எண்ணையே பார்த்தாள். கட்டத்தைத் தட்டினால் அந்தப் பதினொரு மணி நேரம் நடக்கவே இல்லை என்று அவள் உறுதி கூறவேண்டும். அவள் செய்தவற்றிலேயே நல்லதான ஒன்றை, அவளே தன் வாயால் இல்லை என்று சொல்லவேண்டும். மூன்று தட்டுகளைக் காபி ஆறுவதற்குள் தட்டியவளுக்கு இந்த நாலாவது தட்டின் கனம் அங்கே, அந்தக் கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில்தான் தெரிந்தது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஜோலீன் கடைசி வரை தயிர்க் கரண்டியை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ திங்கள்கிழமைலேருந்து என் டியூட்டிய நானே பாத்துக்கறேன்," என்றாள் முடிவில். பிறகு, "எனக்காகச் செஞ்சு உனக்கு இப்படி ஆயிடுச்சேடி."

"இரண்டு நாள் உனக்குன்னு யாராவது கிடைப்பாங்க," என்றாள் டெல்லா. அவள் அதை நம்பினாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மாய் யாவின் அறையில் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். அரைப் பக்கம்தான். மாய் யா படித்துவிட்டு ஒரே ஒரு சொல்லைத் தொட்டாள். 'ஏறக்குறைய' என்று டெல்லா எழுதியிருந்தாள்.

"உங்ககிட்டதான் நோட்டு இருக்கே. ஏறக்குறைய எதுக்கு?"

டெல்லா அந்தச் சொல்லை எடுத்துவிட்டு எண்ணைப் போட்டாள். நோட்டின் பன்னிரண்டு பக்கங்களையும் நகலெடுத்து இணைத்தார்கள். வெர்னின் அறைக்கு இருமுறை போனாள். இருமுறையும் அவர் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவு வழியே அவர் தனியாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மாய் யா கையேட்டை மறுபடி புரட்டினாள். கையெழுத்துக் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று எழுதி நல்கை பெறுபவரே அனுப்பலாம். இருபத்தொன்பதாம் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. பத்து ஆண்டுகளில் அந்த வரியை ஒருவரும் பயன்படுத்தியதில்லை என்றாள்.

"உங்களுக்குத் தொந்தரவு வராதா?" என்று டெல்லா கேட்டாள்.

மாய் யா சோற்று டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடுங்க. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடாத மாதிரி இருக்கு."

நான்கு மணிக்கு, கட்டம் தட்டாத படிவத்தோடு கடிதம் போயிற்று. கிடைத்தது, பதில் வரும் வரை எந்தப் புதிய செலவும் செய்யவேண்டாம் என்று ஒரு வரி உடனே வந்தது. அதை எழுதியது மனிதரா இயந்திரமா என்று தெரியவில்லை.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. நல்கை முடிக்கப்படவில்லை. ஆறு மாதத்துக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது. செப்டம்பரில் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை ஆய்வகத்துக்கு ஆள் இல்லை, பணம் இல்லை. ஃப்ரீசர் மட்டும் ஓடலாம். ஆனால் வெப்பநிலைத் தாளில் ஒருநாள் இடைவெளி விழுந்தாலும் துளிகள் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டா. அதே வாரத்தில் மாய் யாவை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழைய கட்டடத்துக்கு மாற்றினார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. டெல்லாவை நகருக்கு வெளியே நாற்பது நிமிடத் தொலைவில் இருந்த கிளைக் கிளினிக்கில் ஐந்து நாளும் போட்டார்கள். ஆணையைக் கையில் கொடுத்தபோது வெர்ன் அவள் தோளைத் தட்டினார்.

"ஆறு மாசங்கிறது நீண்ட காலம், டெல்லா. என்ன வேணா ஆகலாம்."

அவர் அதை அக்கறையாகச் சொன்னாரா வேறெப்படியாவது சொன்னாரா என்று அவள் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தாள்.

போகுமுன் அவள் ஒரு வேண்டுகோள் எழுதி ஓய்வறைக் கதவில் ஒட்டினாள். காலையும் மாலையும் யாராவது ஃப்ரீசரின் எண்ணைப் பார்த்து எழுதி வைக்கமுடியுமா என்று. வேறு எதுவும் எழுதவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை கிளைக் கிளினிக்கில் காதுவலிகளையும் காய்ச்சல்களையும் பார்த்தாள். கண்ணை மூடினால் ஆர்லனின் தாள்தான் தெரிந்தது, மார்ச் பதினான்குக்குக் கீழே வெறுமையாக இறங்கிப்போகும் கட்டங்கள். யாரையும் கூப்பிட்டுக் கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

சனிக்கிழமை காலை பனியில் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தாள். மாடியில் விளக்குகள் பாதிதான் எரிந்தன. எதிர்ப்பக்கத்து ஆய்வகம் திறந்து கிடந்தது. ஆர்லனின் ஃப்ரீசரை எடுத்துப் போயிருந்தார்கள். அது நின்ற இடத்தில் நான்கு கால்களின் தடமும் தரையில் ஒரு துருக்கறையும் இருந்தன. டெல்லா அங்கே நிற்காமல் தன் கதவைத் திறந்தாள்.

ஃப்ரீசர் முனகிக்கொண்டிருந்தது. அவள் தாளைப் பார்த்தாள்.

திங்கள் காலை, மாய் யாவின் உருண்டை எழுத்து. திங்கள் மாலையும் அதுதான். ஆற்றைக் கடந்து இருமுறை நடந்து வந்திருக்கிறாள். செவ்வாய், ஜோலீன்: மைனஸ் எண்பது, ஓடின் மூன்று கிலோ. புதன், மாடியைத் துடைக்கும் ஹெக்டர், பெரிய பெரிய எண்களில். வியாழன் காலை மறுபடி ஜோலீன். வியாழன் மாலைக்கு நேராகப் பெயர் எதுவும் இல்லை. சிறிய, இடப்பக்கம் சாய்ந்த எண் மட்டும் இருந்தது. அந்தச் சாய்வை அவள் துறை ஆணைகளின் கீழே, கையெழுத்தில் பார்த்திருக்கிறாள். இருக்காது என்று நினைத்தாள். இருக்கட்டும் என்றும் நினைத்துக்கொண்டாள். வெள்ளி, மறுபடி ஹெக்டர்.

ஒரு கட்டம்கூட விடுபடவில்லை.

இன்னும் இருபத்தைந்து வாரம் இருந்தது. அவற்றில் ஒரே ஒரு நாள் எல்லோரும் மறந்துபோனால் போதும். டெல்லா கயிற்றில் தொங்கிய பென்சிலை எடுத்தாள். ஒளிர்ந்த எண்ணை இருமுறை படித்துப் பார்த்துவிட்டு, சனிக்கிழமைக்கு நேராக எழுதினாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு வரவேண்டும் என்று மனத்தில் குறித்துக்கொண்டு, கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்த்தாள்.